கரை காட்டிய பல்

“என் பல்லைப் பாத்துத்தான் ஒரு படகு கரை சேந்துச்சு,” என்றார் லெபானி. “டார்ச்சு இல்ல, லைட்ஹவுஸ் இல்ல. கடல் எது வானம் எதுன்னு தெரியாத மழை. வெறும் பல்லு. இந்தா, இதே பல்லு.”

உதட்டை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினார். மில்ன் விரிகுடாக் கரையில் இருக்கும் எங்கள் டவாலி ஊரின் சனிக்கிழமைச் சந்தை மொத்தத்துக்கும் கண் கூசியது. தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மதியத்திலேயே ஒருமுறை மூடித் திறந்ததாகச் சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நான் அப்படியே நம்பச் சொல்லவில்லை.

“படகுல வந்தது யாரு மாமா?” என்று கேட்டாள் கடலை விற்கிற ரூத்தா.

“அதச் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்.”

“படகு யாருது?”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

“பல்லு யாருதுன்னாவது சொல்லுவீங்களா?”

சந்தை சிரித்தது. கிழங்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி யூனிஸ் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவளுடைய அண்ணன் டொனுகா. மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் இருந்த சின்ன உரலில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பல் இல்லாதவர்கள் பாக்கையும், எங்கள் பக்கம் இலைக்குப் பதில் போடும் வெற்றிலைக் கதிரையும் உரலில் இடித்துச் சாந்தாக்கித்தான் வாயில் போடுவார்கள்.

“மச்சான், படகு வந்தது கெடக்கட்டும். போன வாரம் மோர்ஸ்பி விமானம் வழி தப்பி உங்க வாய்க்குள்ள எறங்கிருச்சாமே. ஜனங்க எல்லாம் பெட்டிய வச்சுக்கிட்டு கடவாய்ப் பல்லு மேல வரிசையா நிக்குறாங்களாம்.”

ஊர் முழுக்க நம்பாமல் போகட்டும், லெபானிக்குக் கவலையில்லை. இந்த ஒரு வாயிலிருந்து ஒரே ஒரு ‘ஆமா’ போதும். ஒரு வருடமாக அதற்குத்தான் காத்திருந்தார்.

அன்று அந்த ‘ஆமா’வுக்கு அவசரமும் வந்து சேர்ந்தது. போதகரம்மா மில்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றார்.

“லெபானி, அடுத்த மாசம் நன்றி ஆராதனை. முன்வரிசையில மொதக் குரல் நீங்க. இந்தப் படகுக் கதைய ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கீங்க. பொய் சொல்ற வாய முன்னால நிறுத்தி ஆண்டவரப் பாடுறது நல்லாவா இருக்குன்னு டொனுகா கேக்குறாரு. எனக்கும் நியாயமாத்தான் படுது. ஒரு சாட்சியக் கொண்டாங்க. இல்ல, பொய்தான்னு இங்கேயே சொல்லிட்டு முடிங்க. ரெண்டுக்கும் மனசில்லன்னா பின்வரிசைக்குப் போயிருங்க.”

உரல் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு டொக், டொக் என்று மறுபடியும் கிளம்பியது. டொனுகா உரலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

லெபானி யூனிஸைப் பார்த்தார். “வீட்டுக்குப் போய் பரண் மேல இருக்குறத எடுத்துட்டு வா,” என்றார். என்னவென்று அவள் கேட்கவில்லை. எழுந்து போனாள். வீடு கொஞ்சம் தூரம். அவள் போய்த் திரும்புவதற்குள் நான் போன வருடத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

போன வருடம் டவாலி கோயிலுக்கு நூறு வயது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் வெள்ளைப் பல் என்பது கைக்குழந்தைக்கும் நாய்க்கும் மட்டும் உண்டு. சில நாய்களைப் பற்றி எனக்குச் சந்தேகம்கூட இருந்தது. எழுந்ததும் பாக்கு, சாப்பிட்டதும் பாக்கு, சாவு வீட்டில் பாக்கு, சண்டையை நிறுத்தப் பாக்கு. ஊரே சிவப்பாகச் சிரித்து சிவப்பாகக் கொட்டாவி விட்டது. விழாவைப் படம் பிடிக்க டி.வி.க்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் போதகரம்மா சட்டம் போட்டார். “முன்வரிசையில செவந்த வாய் நிக்கக் கூடாது. அடிவாங்கிட்டு வந்து நிக்குற மாதிரி இருக்கு.”

லெபானிக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபது வருடமாக முதல் குரல் அவருடையதுதான். அவர் கீழ்ச்சுரத்தில் இறங்கினால் கடலடியில் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து என்ன விசேஷம் என்று பார்க்கும். அதே இருபது வருடமாக டொனுகா அவருக்குப் பின்னால் நின்று இரண்டாம் குரல். இருவருக்கும் பல் செங்கல் நிறம்.

“விட்டுடலாமா மச்சான்?” என்று கேட்டவர் லெபானி.

“நீங்க விட்டா நானும் விடுறேன். ஒருத்தர் மட்டும் விடுறதுன்னா வேண்டாம். ரெண்டு பேரும், இல்ல யாரும் இல்ல.”

இருவருக்கும் பொதுவாக ஒரு சுண்ணாம்புக் குடுக்கை இருந்தது. கழுத்தில் பன்றிக்கொம்பு வளையம், உடம்பெல்லாம் சூட்டுக்கோலால் போட்ட அலைக்கோடு. யூனிஸைக் கட்டிக்கொடுத்தபோது டொனுகா லெபானிக்குக் கொடுத்தது. ஒரு குடுக்கை, இரண்டு வாய், முப்பது வருடம். எங்கள் பக்கத்தில் ஒருவனோடு ஒரே குடுக்கையில் குச்சி விட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறோம் என்றால் அதற்கு மேல் உறவு கிடையாது. அந்தக் குடுக்கையைத்தான் தோணித்துறையின் நுனிக்குக் கொண்டுபோய், பாடகர் குழு முழுவதும் பார்த்திருக்க, கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள். கல்லைக் கட்டியவர் டொனுகா. முடிச்சுப் போடும்போது கண்கலங்கினார். லெபானியும் கலங்கினார். அடியில் இருந்த மீன்களுக்கும் கண் எரிந்திருக்கும், சுண்ணாம்பு அல்லவா.

விழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. மறுநாளே டொனுகா, “முட்டி வலிக்கு மோர்ஸ்பி ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துர்றேன்,” என்று தலைநகருக்குக் கிளம்பினார். மூன்றாம் வாரம் திரும்பிப் படகிலிருந்து இறங்கிச் சிரித்தார். அத்தனையும் வெள்ளை. ஒரே உயரம், ஒரே அகலம், பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

“என்ன போட்டீங்க மச்சான்?”

“செரட்டைக் கரியும் எலுமிச்சையும்தான். அழுத்தித் தேய்க்கணும். நீங்க தடவிக் குடுக்குறீங்க போல.”

லெபானி அழுத்தித் தேய்த்தார். சிரட்டைக் கரியை இடித்து எலுமிச்சையில் குழைத்து, கொய்யாக் குச்சியை மென்று தூரிகையாக்கி, காலையும் மாலையும் ராணுவப் படகுக்குத் துரு எடுப்பதுபோல எடுத்தார். ஈறில் ரத்தம் வந்தது. இளநீர் குடித்தால் உச்சி மண்டையில் மின்னல் வெட்டியது. டொனுகாவிடம் போய்ச் சொன்னால், “அது அழுக்கு கழலுற வலி. இன்னும் அழுத்துங்க,” என்றார். வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னார். தேங்காய் எண்ணெயை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க மனசுக்குள் பாடச் சொன்னார். ஒற்றைக் காலில் நின்று பாடினால் சீக்கிரம் வெளுக்கும் என்றார். லெபானி ஒற்றைக் காலிலும் நின்றார்.

பாக்கு ஆசை அதற்கு மேல். யாராவது எதிரில் துப்பினால்கூட அந்த இடத்தை ஏக்கத்தோடு பார்த்தார். அப்படிப்பட்ட சமயங்களில் டொனுகாவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். “உங்களுக்கு எப்படி மச்சான் இருக்கு?” என்பார். “செத்துக்கிட்டிருக்கேன்,” என்பார் டொனுகா. அதைக் கேட்டதும் லெபானிக்குத் தெம்பு வரும். தன்னைப்போல இன்னொருவரும் செத்துக்கொண்டிருப்பதில் அப்படி ஒரு ஆறுதல்.

ஒருநாள் அங்கே போகும்போது சமையல்கட்டிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. பாக்கு உரல் சத்தம். கட்டை விழுகிற அந்த ஓசையை டவாலியில் கண்ணைக் கட்டிக்கொண்டும் சொல்லிவிடலாம்.

“யாரு இடிக்குறாங்க?”

“நான்தான். முட்டிக்குப் பச்சிலை,” என்றார் டொனுகா, வாயை மூடியபடியே.

லெபானி நம்பினார். முப்பது வருடம் ஒரே குடுக்கை என்றால் சும்மாவா.

கடைசியில் வழி காட்டியது யூனிஸ்தான். எலுமிச்சையைப் பிடுங்கி எறிந்தாள். “அது என்ன பல்லா, அடிபிடிச்ச சட்டியா? கரியும் புளிப்புமா போட்டுச் சுரண்டினா மேலே இருக்குற பளபளப்புதான் போவும். எங்க அண்ணன் சொன்னா எதையும் செய்வீங்களா?” ரொட்டிக்குப் போடும் சோடா உப்பு ஒரு சிட்டிகை, மெத்தென்ற பிரஷ், வாரத்தில் இரண்டு நாள், அதுவும் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. மற்ற நாள் வெறும் பற்பசை. எது சாப்பிட்டாலும் உடனே தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். டீக் கறை பல்லில் பட்டுவிடக் கூடாது என்று பப்பாளி இலைக்காம்பைக் குழலாக வைத்து உறிஞ்சச் சொன்னாள். ஊர்க் கூட்டத்தில் லெபானி பப்பாளிக் காம்பில் டீ உறிஞ்சுவதைப் பார்த்து மாடுகூடத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஆனால் வெளுத்தது. நாலாம் வாரம் செங்கல் மங்கி மண்பானை ஆனது, ஐந்தாம் வாரம் தேங்காய்ப் பால். ஆறாம் வாரம் அவர் வாசலில் கொட்டாவி விட்டால் பக்கத்து வீட்டுச் சேவல் கூவும். கோரைப் பல் ஓரத்தில் மட்டும் உளுந்தளவு ஒரு பழுப்பு, போகவே மாட்டேன் என்றது.

அந்த உளுந்து கெடுத்தது. போதகரம்மா வரிசையாக நிற்கவைத்து வாயைப் பார்த்தார். “டொனுகாவோடது சுத்தம். லெபானிக்கு ஒரு பொட்டு இருக்கு. கேமரா கிட்டே வரும். இந்த ஒரு தடவை டொனுகா மொதக் குரல், லெபானி ரெண்டாவது.”

இருபது வருட இடம். டொனுகா லெபானியின் தோளில் கை வைத்து, “அழுத்தித் தேய்ச்சிருக்கணும் மச்சான்,” என்றார்.

விழா நாள். பாட்டு மாலை நாலு மணிக்கு. மதியம் இரண்டு மணிக்கு, மனசை ஆற்றிக்கொண்டு, மைத்துனனின் விழாச் சட்டையைத் தானே தேய்த்து எடுத்துக்கொண்டு லெபானி அவர் வீட்டுக்குப் போனார். மழை வருகிறாற்போல் இருந்ததால் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கழுத்துவரை மாட்டியிருந்தார். வீட்டில் ஆள் இல்லை. சட்டையை வைக்கச் சமையல்கட்டுக்குள் போனார்.

மேசை மேல் கருங்கட்டை உரல். உள்ளே செக்கச்செவேல் என்று ஈரம் காயாத பாக்குச் சாந்து. பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர். அதற்குள் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. நுரைக்கு நடுவில் டொனுகாவின் சிரிப்பு மட்டும் தனியாக இருந்தது. மேல் வரிசையும் கீழ் வரிசையும், ஒரே உயரம், ஒரே அகலம். முட்டி வைத்தியம்.

லெபானிக்கு அப்போதும் பாதிச் சிரிப்புத்தான் வந்தது. கட்டுப்பல்லை மன்னித்துவிடலாம், வயசானவர்களுக்கு நடப்பதுதான். உரலைக்கூட மன்னித்துவிடலாம், ஆசை யாரைவிட்டது. அடுத்து அவர் கண் ஜன்னலோரம் போனது. அங்கே குடுக்கை இருந்தது. பன்றிக்கொம்பு வளையம். அலைக்கோடு. கல் கட்டிய கயிற்றின் மிச்சம்கூடக் கழுத்தில் இருந்தது, லேசாக இழுத்தாலே அவிழ்கிற முடிச்சு.

கண்ணீர் விட்டுக்கொண்டே போட்ட முடிச்சு. கல் பக்கத்தில் அதே முடிச்சு அவிழ்ந்திருக்கும், ராத்திரி குடுக்கை மிதந்து வந்திருக்கும்.

குடுக்கையைக் கையில் எடுத்தார். நிறையச் சுண்ணாம்பு இருந்தது. தான் ஆறு வாரமாகச் செத்துக்கொண்டிருந்தபோது இந்தக் குடுக்கைக்குள் ஒரே ஒரு குச்சி போய்வந்துகொண்டிருந்தது என்று நினைத்தார். நெஞ்சில் எங்கோ இளநீர் பட்டதுபோல வலித்தது.

ஜன்னல் வழியே பார்த்தார், டொனுகாவின் படகு துறையில் இல்லை. வெற்றிலைக் கதிர்ப் பை காலியாகக் கிடந்தது, வாங்க எதிர்க்கரைக்குத்தான் போயிருப்பார். ஒரு வாய் போடாமல் அவருக்குக் குரல் எழும்பாது போலிருக்கிறது.

லெபானி குடுக்கையோடு தோணித்துறை நுனிக்குப் போய் நின்றார். போய் நின்றதும் மழை இறங்கியது. மில்ன் விரிகுடா மழை தெரியும்தானே, மீன்கள் எது கடல் என்று தெரியாமல் தென்னை மரத்தில் முட்டிக்கொள்கிற மழை. எதிர்க்கரை போயிற்று, மலை போயிற்று, தன் கால் கட்டைவிரலே போயிற்று. எங்கோ ஒரு மோட்டார் விக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு தடவை பவளப் பாறைப் பக்கம் போனது. அங்கே போனால் படகு சல்லடைதான்.

லெபானி கூப்பிடவில்லை. அவ்வளவு கோபம். கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, பல் மட்டும் வெளியே வந்தது. கறுத்த முகம், கறுப்புப் பை, இருண்ட மழை, நடுவில் அந்தப் பல். கடித்த பல்லோடு அப்படியே நின்றார். ஒரு மின்னல் வந்து அந்தப் பல்லில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டு போயிற்று. மோட்டார் சத்தம் திரும்பியது. பாறையைவிட்டு விலகியது. நேரே வந்தது, நூல் பிடித்தாற்போல் துறைக்கு, அவர் காலடிக்கு.

டொனுகா நடுங்கிக்கொண்டு ஏறினார். குழிவிழுந்த வாய் முழுக்கச் சிவப்பு. லெபானியின் கையில் குடுக்கையைப் பார்த்ததும் துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“யாருகிட்டயும் சொல்லாதீங்க மச்சான். யூனிஸுகிட்ட சொல்லாதீங்க. நான் படகுல போனேன்னே சொல்லாதீங்க.”

“ஏன் மச்சான்?”

“இருபது வருஷமா உங்க கொரலுக்குப் பின்னாலயே நின்னுட்டேன். ஒரே ஒரு தடவ முன்னால நிக்கலாம்னு பாத்தேன்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

டொனுகா வாயோரச் சிவப்பைப் புறங்கையால் துடைத்தார். லெபானி மழையைப் பார்த்துக்கொண்டு, “சொல்ல மாட்டேன்,” என்றார். வாக்கு வாக்குத்தான்.

அன்று டொனுகாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். உளுந்துப் பொட்டோடு லெபானி முதல் குரல் பாடினார். கூட்டம் அழுதது. டி.வி.க்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அழுதார், அதனால் படமே வரவில்லை. நன்றாகப் பாடினீர்கள் என்று எல்லோரும் கையைப் பிடித்தார்கள். லெபானி மட்டும் இரண்டாம் குரல் நிற்கும் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பார். மறுவாரமே டொனுகா பல் செட்டை எடுத்துவிட்டு உரலோடு சந்தைக்கு வந்தார். “மச்சான் சொன்ன கரி வைத்தியம். தேய்ச்சேன், அத்தனையும் கொட்டிருச்சு,” என்று பொக்கை வாயைக் காட்டி ஊர் முழுக்கச் சொன்னார். லெபானி வாயைத் திறந்து படகுக் கதையைச் சொன்னால், யார் வந்தது என்று கேட்கச் சொல்லி ஊரைத் தூண்டிவிடுபவரும் அவரே. பதில் வராது என்று அவருக்குத்தானே தெரியும்.

இதோ யூனிஸ் வந்துவிட்டாள்.

துணியில் சுற்றியதை லெபானியின் கையில் கொடுத்தாள். அவர் பிரித்து, டொனுகாவுக்கு எதிரே பாயில் வைத்தார். சந்தை எட்டிப் பார்த்தது.

“இது கடல்ல போட்டதுல்ல?” என்றாள் ரூத்தா. “நாங்க எல்லாம் நின்னு பாத்தோமே.”

“போட்டதுதான்,” என்றார் லெபானி.

“அப்ப எப்படி வந்துச்சு?” இது போதகரம்மா.

“அத நான் சொல்ல முடியாது அம்மா. வாக்குக் குடுத்திருக்கேன்.”

யூனிஸ் குனிந்து குடுக்கையின் கழுத்தில் தொங்கிய கயிற்றை விரலால் தொட்டாள். லேசாக இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து கையோடு வந்தது. அவள் அண்ணன் வலைக்குப் போடும் முடிச்சு அவளுக்குத் தெரியாதா. அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

உரல் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது.

லெபானி குடுக்கையின் மூடியைத் திறந்து, குச்சியை எடுத்து, பிடியை மைத்துனன் பக்கமாக நீட்டினார். “சுண்ணாம்பு எடுங்க மச்சான். புதுசு. நேத்துத்தான் யூனிஸ் நெறச்சா. நான் போடறதில்ல, உங்களுக்காகத்தான்.”

டொனுகா குச்சியை வாங்கினார். குடுக்கைக்குள் விட்டார். நுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்போடு வெளியே எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார், வைக்க முடியவில்லை, மடியில் இறக்கினார். போதகரம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியில் லெபானியின் வாயைப் பார்த்தார்.

“நடந்துச்சு,” என்றார். “படகுல இருந்தது நான்தான். பாறை மேல ஏறப் போனேன். அந்தப் பல்லத் தவிர வேற ஒண்ணும் தெரியல.”